பட்டப்பகலில் பரப்பிய சாமான்

நான் பிறந்ததும் வீட்டில் எனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஓர் அண்டா. வளர்ந்து பெரியவளான பிறகும் அதற்குள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய பித்தளை அண்டா. தொட்டில் கட்டச் சேலை தேடுவதற்கு முன்பே என் அப்பா, எங்கள் பேச்சில் அப்பச்சி, அண்டாவுக்கு ஆள் அனுப்பிவிட்டாராம். பிறகு தம்பி பிறந்தான். அவனுக்கு ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. "நம்ம வீட்டுல எல்லாம் பொண்ணுக்குத்தான்" என்று ஆத்தா வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசுவாள். நானும் வெகுகாலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு விவரம் தெரிய ஆரம்பித்ததும் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். முதலில் மணலில் எழுத்து, பிறகு வாய்பாடு, பிறகு வட்டிக் கணக்கு. வட்டிக் கணக்கை எழுதிப் பார்க்கக் கூடாது, வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லத் தடுமாறினால் தொடையில் கிள்ளு விழும். மீசை முளைக்குமுன்னே அவனைக் கப்பலேற்றி ரங்கூனுக்கு அனுப்பினார்கள். அங்கே தெரிந்தவர் ஒருவருடைய வட்டிக் கடையில் பெட்டியடிப் பையன். காசுப் பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகுகிற பையனுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். எங்கள் வீட்டிலேயே கடை இருந்தது. ஆனாலும் அடுத்தவர் கடையில் திட்டு வாங்கிப் பழகினால்தான் புத்தி வரும் என்று அப்பச்சி அனுப்பிவைத்தார்.

எனக்கு என்ன நடந்தது? அறை நிறைந்தது. வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் இருட்டறை. அதற்கு அரியக்குடிப் பூட்டு; எப்படித் திறப்பது என்று தெரியாதவன் சாவியைக் கையில் வைத்திருந்தாலும் திறக்க முடியாது. அந்த அறையில் எனக்காகக் குடம், அண்டா, தாம்பாளம், தூக்குச் சட்டி, பீங்கான் ஜாடி, விளக்கு என்று சேர்ந்துகொண்டே போயின. அப்பச்சி பர்மாவிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பெட்டி அந்த அறைக்குள் போகும். எங்கள் பெண்களுக்குக் கல்யாணத்தின்போது இந்தச் சாமான்களையெல்லாம் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில், வரிசை வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். ஊர் வந்து பார்க்கும். பார்த்து முடிந்ததும் புகுந்த வீட்டில் ஓர் அறையில் போட்டு, அதே மாதிரி அரியக்குடிப் பூட்டால் பூட்டுவார்கள். பெண்ணுக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கு அது போகும். அவளும் பரப்புவாள், பூட்டுவாள்.

எங்கள் ஆட்களுக்கு முதல் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடையில் போடுகிற பணம் முதல். கடையை நடத்தப்போகிறவன் தலையில் ஏற்றுகிற தொழிலும் முதல். பின்னது இல்லாவிட்டால் முன்னது போன இடம் தெரியாமல் போய்விடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கண்ணே மணியே என்று வளர்த்த மகனை அடுத்தவன் கடையில் தரையில் படுக்க விட்டார்கள். இவ்வளவு தெரிந்த மனிதர்களுக்கு, அதே வயிற்றில் பிறந்த பெண்ணுக்கும் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போனதாம். வடிகட்டின பொய். தெரியும். தெரிந்தேதான் அண்டாவைக் கவிழ்த்து மூடினார்கள்.

எனக்குக் கல்யாணம் நடந்தபோது நான் இன்னும் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தேன். சாமான் பரப்பிய அன்று வளவில் கால் வைக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில், சிவப்புத் துணி விரித்த முக்காலியின் மேல் ஒரு பாத்திரம் இருந்தது. அப்பச்சி ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. வெள்ளை எனாமல். வயிற்றைச் சுற்றி நீலப் பூ. பக்கத்தில் ஒரு கைப்பிடி, மேலே குமிழ் வைத்த மூடி. வந்த பெண்களெல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். "அம்மாடி, என்ன அழகு! கப்பல்ல வந்ததாம்ல" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில்தான் பாயசம் கொண்டுபோய்ப் பரிமாறினார்கள். முதல் கரண்டி என் மாமனாருக்கு.

அது என்ன பாத்திரம் என்று சில வருஷம் கழித்துத் தம்பி ஊருக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சாமான் அறையைத் திறந்து எதையோ எடுக்கும்போது கூட நின்றவன் அதைப் பார்த்தான். முதலில் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை.

"என்னடா, பேய் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"ஆச்சி" என்றான்; அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இது வெள்ளைக்காரன் ராத்திரி கட்டிலுக்கு அடியில வச்சுக்கிற பானை. எந்திரிச்சு வெளிய போகச் சோம்பலா இருந்தா இதுலதான் ஒண்ணுக்குப் போவான்."

எனக்குக் காது சுட்டது. அடப்பாவிகளா, ஒரு தெருவே நின்று பார்த்ததே, ஒரு ஆளுக்குத் தெரியவில்லையே! கப்பலேற்றிச் சாமானைக் கொண்டுவரத் தெரிந்தது, அது எதற்கு என்று கேட்கத் தெரியவில்லை. அன்றைக்குத் தம்பியோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி முழுக்க மனசுக்குள் எரிந்தது. அவன் என்னைவிடச் சின்னவன். அவனுக்குத் தமிழ் தெரியும், பர்மாக்காரன் பாஷை தெரியும், வேண்டிய அளவுக்கு இங்கிலீசும் இந்துஸ்தானியும் தெரியும். எனக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

புகுந்த வீட்டில் எங்களை வேறு வைத்தார்கள். மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டுக்குள்ளேயே அவர்களுக்கென்று ஓர் அறையும் அடுப்பும் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் பர்மாவில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். எங்களுக்கு ஒரே மகள். அவளைப் பற்றித்தான் இத்தனையும் சொல்கிறேன்.

மகள் பக்கத்துத் தெருவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கொஞ்சம் எழுத்துத் தெரிந்தால் போதும், அப்புறம் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தில் என் மாமனாரும் விட்டுவைத்திருந்தார். ஒரு நாள் அவளுடைய சிலேட்டு கீழே விழுந்து உடைந்தது. கெட்டிக்காரி என்ன செய்தாள்? அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வளவுச் சுவரில் எழுத ஆரம்பித்துவிட்டாள். எங்கள் சுவர் சாதாரணச் சுவரில்லை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு விட்டுக் குழைத்துப் பூசி, நாள் கணக்காகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. முகம் பார்க்கலாம். அந்த முகம் பார்க்கிற சுவரில் தரையிலிருந்து அவள் கை எட்டுகிற உயரம் வரைக்கும் இங்கிலீசு எழுத்து.

மாமனார் வந்து பார்த்தார். "ஐயையோ, சொவரு போச்சே! யாருடி இது? தொடைங்கடி மொதல்ல!" என்று வீடே அதிரக் கத்தினார்.

எங்கள் வீடுகளில் மருமகள் மாமனாரோடு முகம் பார்த்துப் பேச மாட்டாள். எனக்கு அதற்கு ஒரு தூண் இருந்தது. வளவில் இருந்த பெரிய பர்மாத் தேக்குத் தூண். சொல்ல வேண்டியதை அந்தத் தூணிடம் சொல்வேன். தூண் கேட்கும், அவரும் கேட்பார். அன்றும் தூணைப் பார்த்துச் சொன்னேன்: "தொடச்சா போயிரும். சொவருக்கு ஒண்ணும் ஆகாது. சிலேட்டுதான் ஒடஞ்சு போச்சு. ஒடஞ்சதுக்கு யாரும் ஐயையோன்னு சொல்லக் காணோம்."

"பொட்டப்புள்ளைக்குச் சிலேட்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்றார் அவர், காற்றைப் பார்த்து.

நான் துடைக்கவில்லை. வேலைக்காரப் பெண் துடைத்தாள். கரி போய்விட்டது, மெருகு போகவில்லை. என் மகள் அடுப்படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அடித்ததற்காக அழவில்லை, அவளை யாரும் அடிக்கவில்லை. "நான் எழுதுனத ஒருத்தரும் வாசிக்கவே இல்லையே, ஆத்தா" என்று அழுதாள். வாசிக்க அந்த வீட்டில் பெண்களில் யார் இருந்தோம்? அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் நான் முடிவு செய்தேன். இவளை மேலே படிக்க வைப்பது என்று. வந்தது வரட்டும்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. மதுரையில் பெண்கள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறது, வாத்தியாரம்மாவாகலாம் என்று தம்பி விசாரித்துச் சொன்னான். அவன் அப்போதுதான் பர்மாவிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பியிருந்தான். அங்கே நெல் விலை விழுந்துவிட்டது. கடன் வாங்கிய விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பணத்துக்குப் பதிலாக நிலத்தைக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல், ஊருக்கு அனுப்பக் காசில்லை. என் அப்பச்சியின் கடை படுத்துவிட்டது. தம்பி கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அவன் மதுரையில் ஒரு நூல் மில்லுக்குப் போய் நின்றான், அங்கே கணக்குப் பார்க்கிற வேலைக்கு அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். கடை போனது, கட்டடம் போனது, அவன் தொடையில் கிள்ளிக் கிள்ளி ஏற்றியது மட்டும் போகவில்லை. அதை எந்தக் கடன்காரனும் எழுதி வாங்க முடியாதே!

என் மாமனாரின் கடை அப்போது ஆடிக்கொண்டிருந்தது, விழவில்லை. மகளின் படிப்புச் செலவுக்கு என் மாமியார் வழியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கடை இருக்கிற நெலமையில மதுரையும் கிதுரையும்! ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவுமா?" என்றாராம்.

அதே வாரம் மேல்மாடியில் புதிதாக ஒரு கூடம் கட்டுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பணமில்லாத நேரத்தில் எதற்கு மாடி என்கிறீர்களா? வேலையை நிறுத்தினால் 'அந்த வீட்டுக்குக் கை காஞ்சு போச்சு' என்று ஊர் சொல்லும். சொன்னால் கடையில் பணம் போட்டு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்பார்கள். அதனால் கடன் வாங்கியாவது கொத்தனாருக்குக் கூலி கொடுப்பார். நாலு பேர் பார்க்கிற சுவருக்கு உலகத்தில் எங்கிருந்தாவது பணம் வந்துவிடும். மனுஷிக்குத்தான் வராது.

சரி, உங்கள் காசு எனக்கு வேண்டாம் என்று முடிவு கட்டினேன். சாமான் அறையில் இருந்தது என் ஆத்தா வீட்டுச் சாமான். பெண் கொண்டுவந்த சாமானில் புகுந்த வீட்டுக்கு ஒரு கரண்டிகூடப் பாத்தியதை கிடையாது. அது எங்கள் வழக்கம், யாரும் மறுக்க முடியாது. எங்கள் காரைக்குடியில் செக்காலைப் பக்கத்தில் பழைய பித்தளை வாங்குகிற வியாபாரி ஒருவர் இருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்.

அவர் முகப்பைத் தாண்டி உள்ளே வரவே பயந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆச்சி, கவலப்படாதீக. விளக்கு வச்சப்புறம் பின்கட்டு வழியா மாட்டுவண்டி கொண்டாரேன். சாக்கு போட்டு மூடிருவேன். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. இந்தத் தெருவுல எத்தனை வீட்டுக்குச் செஞ்சிருக்கேன்" என்றார்.

அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு! அப்படியா சேதி! பெரிய பெரிய முகப்பு வைத்த வீடுகளிலெல்லாம் ஆச்சிமார் இருட்டில் அண்டாவைச் சாக்கில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பகலில் அவர்கள் வீட்டிலும் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் என்ன களவாண்ட சாமானா விக்கிறேன்? பட்டப்பகல்ல வாங்க. முகப்பு வழியா வாங்க. வண்டியைத் தெருவுல நிப்பாட்டுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே இருந்தது.

விஷயம் மாமனார் காதுக்குப் போனது. சாயங்காலம் வளவுக்கு வந்து நடு ஊஞ்சலில் உட்கார்ந்தார். மாமியார் ஒரு பக்கம் நின்றார். நான் தூணுக்குப் பின்னால்.

"சொல்லி வை" என்றார் மாமியாரிடம். "ஒரு கொடம் இந்த வாசலைத் தாண்டுனா நாளைக்கே கடை விழும். பணம் போட்ட கைம்பெண்டுகள்லாம் வந்து வாசல்ல நிப்பாளுக. குடும்ப மானம் கப்பலேறிப் போகும். இவளுக்குப் புரியுதா?"

"புரியுது" என்றேன் தூணிடம். "கடை என் கொடத்து மேலயா நிக்குது? அப்படின்னா அது எப்பவோ விழுந்த கடை."

"வாயைப் பாரு! பொட்டச்சிக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு? அண்டா இருந்தா ஆபத்துக்கு ஒதவும். படிப்பு ஒதவுமா?"

"ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவாதுன்னா, பூட்டி வச்ச அண்டா மட்டும் எந்தக் கறிக்கு ஒதவுச்சு? பொறந்ததுலேருந்து எனக்குச் சேத்துச் சேத்துப் பூட்டுனாகளே, அதுல ஒரு நாள் சோறு வடிச்சிருக்கேனா?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. இனி நிறுத்தினாலும் நிற்காது என்று எனக்கே தெரிந்தது. "அந்த நீலப் பூப் போட்ட எனாமல் பானை ஞாபகம் இருக்கா? எங்க கல்யாணத்துல பாயசம் ஊத்துனது? அது வெள்ளைக்காரன் ராத்திரியில ஒண்ணுக்குப் போற பானை. எங்க வீட்டுல ஒரு பொம்பளைக்கு நாலு எழுத்து தெரிஞ்சு, அதோட அட்டைப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிருந்தா, உங்களுக்கு அதுல பாயசம் ஊத்தியிருக்க மாட்டோம்!"

ஊஞ்சல் நின்றது.

அப்போது மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் இருமுகிறார் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிறார்! அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்து, அப்படியே அழுகையாகிவிட்டது.

"அவுக பர்மாவுல இருந்தப்ப" என்றார், புருஷனைப் பார்க்காமல், "எனக்குப் போட்ட காயிதமெல்லாம் ஊரான் வாயால வாசிச்சுத்தான் கேட்டேன். புருசன் பொண்டாட்டிக்கு எழுதுனத அடுத்தவன் வாசிக்கான், நான் தலையக் குனிஞ்சு நிக்கேன். என்னத்த எழுதுவாக? 'சுகம், சுகம்'னுதான் எழுதுவாக. வேற என்னத்த எழுத முடியும்?"

இடுப்பிலிருந்து கொத்துச் சாவியை அவிழ்த்து, சாமான் அறையின் அரியக்குடிச் சாவியை மட்டும் தனியாகக் கழற்றி என் கையில் வைத்தார். மாமனார் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் செய்த காரியத்தை ஊர் இன்னும் பேசுகிறது. பேசட்டும், உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வியாபாரி வருவதற்கு முன்னால் அறையைத் திறந்து, அத்தனை சாமானையும் புளி போட்டுத் தேய்த்து, கல்யாணத்துக்குப் பரப்புவது போலவே வளவு முழுக்கப் பரப்பினேன். வாசலில் மாக்கோலம் போட்டேன். பங்காளி வீடுகளுக்கெல்லாம் முறையாக ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். முக்காலியில் சிவப்புத் துணி விரித்து, நடுவில் அந்தப் பானையையும் வைத்தேன்.

தெருவே வந்தது. கல்யாணமா, சடங்கா, ஒன்றும் புரியாமல் நின்றார்கள். மாமனார் பயந்தது போலவே, கடையில் பணம் போட்டு வைத்திருந்த கைம்பெண் ஆச்சி ஒருவரும் விறுவிறுவென்று வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய உயிரே அந்தப் பணத்தில்தான் இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது.

"என்ன விசேசம் ஆத்தா?" என்றார், கண் அண்டாவிலிருந்து அண்டாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எம் மக மதுரைக்குப் படிக்கப் போறா, ஆச்சி. அதுக்குத்தான் பரப்பியிருக்கேன்."

"படிக்கப் போறதுக்கா சாமான் பரப்புறீக?"

"கட்டிக் குடுக்கிறதுக்குப் பரப்பலாம்னா, படிக்க வைக்கிறதுக்குப் பரப்பக் கூடாதா? கொஞ்ச நேரத்துல வண்டி வரும். இதையெல்லாம் போட்டுப் படிப்பை வாங்கப் போறேன்."

அந்த ஆச்சி சாமான்களை ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், "கையில இல்லாதவ இருட்டுல விப்பா. இவ கோலம் போட்டு விக்கிறாளே, இவுகளுக்கு என்ன கொறச்சல்?" என்று சொல்லிவிட்டு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்குப் போனார். பேச்சு அப்படியே தெருவில் பரவியது. மத்தியானத்துக்குள் எங்கள் வீடு முன்னைவிடப் பெரிய வீடாகிவிட்டது. படிப்புக்கே இவ்வளவு பரப்பினால் கல்யாணத்துக்கு என்ன பரப்புவார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அதைக் கேட்டதும் என் மாமனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல வேட்டி, மேல்துண்டு. முகப்பில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "ஆமா, எம் பேத்தி படிக்கப் போறா. நாந்தான் போகச் சொன்னேன். காலம் மாறிப் போச்சுல்ல?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூணைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

வண்டிகள் முகப்பு வழியாகத்தான் போயின. நான் பிறந்தபோது வாங்கிய அண்டாவை நாலு ஆள் தூக்கினார்கள். கண் கலங்கவில்லையா என்று கேட்டார்கள். கலங்கவில்லை. எதற்குக் கலங்க வேண்டும்? எனாமல் பானையைப் பித்தளை வியாபாரி எடுத்துக்கொள்ளவில்லை. அது மட்டும் தங்கிவிட்டது. காரைக்குடிக்கு ரயில் வந்த புதிது. தம்பி வந்து மகளை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனான். அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அழவே இல்லை, சண்டாளி, சிரித்துக்கொண்டே போனாள்.

கடை பிறகு விழத்தான் செய்தது. என் குடத்தால் விழவில்லை. பர்மாவில் விழுந்த நெல் விலை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, இருந்த கொஞ்சத்தில் பணம் போட்டவர்களுக்குப் பைசல் செய்தார். மேல்மாடிக் கூடம் கூரையில்லாமல் நின்றது, அதில் புறா அடைந்தது.

மகள் படித்து முடித்துக் காரைக்குடிக்கே வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. அவள் வயதில் எங்கள் பெண்களுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று இருக்கும். அதனால் பெண் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம் இளக்காரத்தோடுதான் வருவார்கள். அப்படி ஒரு நாள் ஒரு பெரியவரும் இரண்டு ஆச்சிமாரும் வந்து வளவில் உட்கார்ந்தார்கள். மாமனார் ஊஞ்சலில். நான் வழக்கம்போல் தூணடியில்.

பெரியவர் காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு படிச்சிருக்கு, சம்பளமும் வாங்குது. சரி. சாமான் என்ன பரப்புவீக?"

நான் இத்தனை வருஷம் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான். எழுந்து போய் அறைக் கதவை அகலத் திறந்து விட்டேன். உள்ளே வெறும் தரை. ஒரு மூலையில் நீலப் பூப் போட்ட பானை.

"எல்லாம் அவ தலைக்குள்ள இருக்கு" என்றேன். மேலே சொல்ல ஆரம்பித்தேன். இங்கிலீசு இப்படிப் பேசுவாள், கணக்கு இப்படிப் போடுவாள், இன்ன பரீட்சையில் இப்படித் தேறினாள், மாசம் பிறந்தால் சம்பளம் கையில், இன்னும் மேலே படித்தால் இன்னும் கூடும், உங்கள் வீட்டுக்கு எந்தக் காலத்திலும் குறையாத முதல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனேன். அந்தப் பெரியவரும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். விலை படிந்துவிடும் போலிருந்தது.

அடுப்படி நிலைப்படியில் மகள் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஆத்தா" என்றாள். சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுகிற குரல். "என்னையப் பரப்பாதீக. நான் சாமான் இல்லை."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அண்டா எடுத்த இடத்தில் அவளை வைத்து நானேதான் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் தைத்த இடத்திலேயே ஒரு சந்தோஷமும் பொங்கியது பாருங்கள், அதை என்னவென்று சொல்ல! நான் விற்றதற்கெல்லாம் மேலே ஒன்று என் முன்னால் நின்று என்னையே அதட்டுகிறது.

மாமனார் ஊஞ்சலிலிருந்து காற்றைப் பார்த்துக் கேட்டார்: "பெரியவுக இருக்கிற எடத்துல என்ன இது, இப்படிப் பேசுது?"

நான் தூணடியிலிருந்து நகர்ந்து வளவின் நடுவுக்கு வந்தேன். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

"பேசத்தான் மாமா படிக்க வச்சேன்" என்றேன்.